சக்களத்திக்கு நான் தைத்த சீட்

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. குடிக்க மாட்டார். தட்டில் எதை வைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். தெருவில் எந்தப் பெண் போனாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். இப்படிப்பட்ட மனுஷனைக் கட்டிக்கொண்டும் என் கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதியை நான் வயிறு எரிந்தே கழித்திருக்கிறேன். காரணம், எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். மனுஷியாக இருந்திருந்தால் வாசலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவளுக்கு இருப்பதோ நாலு சக்கரம், இரண்டு கதவு, மூன்று கார்ப்பரேட்டர். இவளைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

இவர் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மெக்கானிக். லாரிகள், வேன்கள், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி எல்லாம் இவர் பொறுப்பு. முதலாளிக்குப் பந்தயக் கார் பைத்தியம். எங்கள் மகள் பிறந்த வாரத்தில் லாரியில் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டே பேர் உட்காரும் கார். தரை முழுக்கத் துரு, எஞ்சினுக்குள் எலிக்கூடு. ஆஸ்பத்திரிக்கு மகளைப் பார்க்க வந்த இவர் தொட்டிலில் குனிந்து, "மூக்கு உன்னாட்டம் இருக்கு" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆறு சிலிண்டர் தெரியுமா, வரிசையா நிக்குது" என்றார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்தச் சக்களத்தியை எழுப்பி நிற்க வைக்க இவருக்குச் சில வருஷங்கள் பிடித்தன. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர் வாயிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மூன்றும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று அந்தச் சீறலை வைத்தே கண்டுபிடிப்பாராம். தொழிற்சாலையில் இவருக்கு டியூப் என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. வீட்டில் நான் மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்பாத காது அது. குழாயை வாங்கி என் வாயில் வைத்துக்கொண்டு பேசினால்தான் கேட்குமோ என்று ஒருநாள் சண்டையில் கேட்டுவிட்டேன். "குழாய் நீளம் பத்தாது" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் சும்மா உட்கார்ந்திருப்பவள் இல்லை. வீட்டு முன்னறையில் தடித்த தோல் தைக்கும் மிஷின் வைத்திருக்கிறேன். சோபா, நாற்காலி, வேன் சீட் என்று எது வந்தாலும் உரித்து மாற்றித் தைத்துக் கொடுப்பேன். அவளுக்கும் சீட் தைத்தது நான்தான். அப்போது அவள் மேல் எனக்கு இவ்வளவு காட்டம் வந்திருக்கவில்லை. பழுப்புத் தோலில் இரட்டைத் தையல் போட்டு, நகம் படாமல் தைத்தேன். இவர் தினமும் வந்து ஃபோமை அழுத்திப் பார்ப்பார். "இங்க முதுகு இடிக்குது. இங்க இன்னும் கொஞ்சம் குழிச்சு வெட்டு" என்பார். இவருடைய முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. வலது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும், இடுப்பு ஒல்லி, கால் நீளம். கண்ணை மூடிக்கொண்டு அந்த அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன்.

சீட்டை மாட்டிய அன்று ஆசையாகப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்து உட்காரப் போனபோது, "இரு, இரு. உன் துணியில ஊசி கீசி குத்தியிருக்கப் போவுது. தோல் கிழிஞ்சிடும்" என்று தடுத்தார். நான் தைத்த தோல். நான் வெட்டிய ஃபோம். அதில் நான் உட்காரக் கூடாது. அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த எரிச்சல்.

முதலாளி அவளை மூன்று தடவைதான் ஓட்டினார். மூன்று தடவையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் நின்றுபோனதாம், கிளட்சை மிதித்துக் கால் மரத்துப்போனதாம். பழைய வண்டி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவரே சமாதானமாகி, வந்தவர்களுக்கு நிறுத்திவைத்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சின் துருப்பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை ஓட்டும் வேலை இவருடையது. ஞாயிறு காலையில் முகச்சவரம் செய்துகொண்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போவார். என் தங்கை கல்யாணத்துக்குக்கூட இவர் அப்படிக் கிளம்பியதில்லை.

முதலாளிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கார் பழசு என்பதால் அவரைப் படுத்தவில்லை. இவர் அவளை அங்குலம் அங்குலமாகத் தன் உடம்புக்கு மட்டும் பொருந்தும்படி மாற்றி வைத்திருந்தார். சீட்டைத் தன் நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளி போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். முதலாளி குள்ளம், பருமன். பாவம், சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு கால்விரலால் மிதித்து ஓட்டியிருக்கிறார். கிளட்சு இவர் பாதம் தூக்கும் உயரத்தில் பிடிக்கும். நிற்கும்போது எஞ்சின் அணையாமலிருக்க, விரலால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலேட்டரையும் ஒரே காலில் மிதிக்க வேண்டும். அது இவருக்குத்தான் வரும். போதாததற்கு பெட்ரோலை அடைக்க, திருகி மூடுகிற ஒரு குட்டி டேப்பை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார். அது மூடியிருந்தால் கார் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். பீரோச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கும் மனுஷன், அந்த டேப் எங்கே என்று மட்டும் சொன்னதில்லை.

இப்படி ஒருத்தியோடு மட்டும் இவர் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த கொட்டகையில் போன வருஷம் புதியவள் வந்து சேர்ந்தாள், முதலாளி வாங்கிய இன்னொரு பந்தயக் கார்.

புதியவளை வாங்கியபோது கூடவே வந்தவர் என் தங்கையின் கணவர். கார் கம்பெனி சர்வீஸ் பிரிவில் அவருக்கு வேலை, புதியவளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. எங்கள் அம்மா அவரைச் சின்ன மாப்பிள்ளை என்பார், நானும் அப்படியே. இஸ்திரி கலையாத சட்டை, தோளில் ஒரு பை, பையில் லேப்டாப். காரில் ஒயரைச் சொருகுவார், திரையைப் பார்ப்பார், நாலு பட்டனைத் தட்டுவார், ஒயரைக் கழற்றுவார். வேலை முடிந்தது. கை கழுவக்கூடத் தேவையிருக்காது.

என் தங்கை அதைச் சொல்லிச் சொல்லி என் காதில் ரத்தம் வரவைத்தாள். "அவர் டீ குடிச்சிட்டே சரி பண்ணிடறாரு அக்கா. சட்டையில ஒரு பொட்டு கறை கிடையாது" என்பாள். நான் இவருடைய சட்டையை ஊறப்போட்டு, தேய்த்து, அடித்து, மறுபடி தேய்த்துக் கொடியில் போடுகிறவள். போட்ட பிறகும் அது துடைத்துக் கழித்த துணி மாதிரியே இருக்கும். ஒருநாள் அவள் போனில் படம் காட்டினாள். புதியவளின் உள்ளே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய அவள். "அவர்தான் உக்காரு உக்காருன்னு உயிரை வாங்கிட்டாரு" என்றாள். நல்லா இருக்குடி என்று சொன்னேன். அன்றைக்கு மிஷினில் இரண்டு ஊசி உடைந்தது.

இவர் நிலைமை என்னைவிட மோசம். கொட்டகையில் பழையவளைச் சற்றுக் கோணலாக நிறுத்தி வைப்பார், புதியவளின் கதவை முழுதாகத் திறக்க முடியாதபடிக்கு. "அது கார் இல்ல, கம்ப்யூட்டருக்குச் சக்கரம் வச்சிருக்கான்" என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால் நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு மதியம் பார்த்தேன். யாருமில்லாத கொட்டகையில் புதியவளின் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, பிரேக் தட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய தட்டு அது. என்னைக் கண்டதும் எழுந்து, "தூசு" என்றார்.

ஒருநாள் சின்ன மாப்பிள்ளை இவரை விடாப்பிடியாக அதில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் தட்டில் போட்டதை அளைந்துகொண்டே இருந்தார். என்னங்க, எப்படி இருந்தது என்று நானே கேட்டேன்.

"மூணு செகண்டுல நூறு" என்றார்.

"அப்புறம்?"

"வளைவுல நம்ம வண்டி பின்பக்கம் வழுக்கும். நான் கையால பிடிச்சு இழுத்து நிறுத்துவேன். இது வழுக்கறதுக்கு முன்னாடியே தானா சுதாரிச்சுக்குது. மழையில கூட." தட்டை நகர்த்தி வைத்தார். "அதுல ஒரு பட்டன் இருக்கு. அழுத்துனா சீட்டு, கண்ணாடி, ஸ்டியரிங் எல்லாம் உக்காந்தவனுக்கு ஏத்த மாதிரி நகருது. மூணு பேரோட அளவை ஞாபகம் வச்சுக்குமாம்."

"வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வளைஞ்சு குடுக்குமா?" என்றேன், இவரைச் சந்தோஷப்படுத்துகிற மாதிரி.

இவர் சிரிக்கவில்லை. "நல்ல வண்டி" என்றார். பொறாமைப்படுகிறவன் இவ்வளவு நேர்மையாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு வேதனையாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் சிரிப்பு. "அக்கா, மாமா சொல்லலையா? முதலாளி புது வீட்டுக்குப் போறாராம். அங்க ஒரு காருக்குத்தான் இடமாம். ஒண்ண வித்துடப் போறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கை வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

"வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டையும் முதலாளியே ஓட்டிப் பாக்கப் போறாராம், ஏரியைச் சுத்தி இருக்கற ரோட்டுல. எது பிடிக்குதோ அது இருக்கும், இன்னொண்ணு போயிடும். நீ ஒண்ணும் மனசு கஷ்டப்படாத. அவரு அதை மூணு தடவை ஓட்டி இடுப்பு பிடிச்சதுதான் மிச்சம்" என்றாள். என் மேல் பரிதாபப்படுகிறாளாம்.

அவள் போன பிறகு மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். சக்களத்தி தொலையப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பி வரும். இவர் காதும் கூடவே திரும்பி வரலாம். இந்தச் சந்தோஷம் டீ கொதிக்கிற நேரம்தான் நின்றது. பிறகு தங்கையின் முகம் கண்முன்னால் வந்தது. பழையவள் போனால் கொட்டகையில் சின்ன மாப்பிள்ளை கொடிதான் பறக்கும். இவர் லாரிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டு அவருக்குக் கதவு திறந்துவிட வேண்டியதுதான். தங்கை இன்னும் பத்து வருஷத்துக்கு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள். சக்களத்தியைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், தங்கையின் பரிதாபத்தைச் சகிக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

இவர் வந்ததும் கேட்டேன்.

"தெரியும்" என்றார். "ஞாயித்துக்கிழமை."

"அவருக்கு அந்த சீட் ஒத்து வராதுன்னு உங்களுக்குத் தெரியும். கழட்டிக் கொண்டாங்க. அவர் அளவுக்கு மாத்தித் தர்றேன்."

"அதுல கை வைக்காத."

"அப்ப போகட்டுமா?"

"அது அவருக்கு ஏத்த வண்டி இல்ல" என்றார். குரலில் அப்படி ஒரு கடுப்பு. "அவருக்குத் தெரியாது. கிளட்சை அறுத்துடுவாரு, கியரைக் கொறிப்பாரு. நான் ஒவ்வொரு போல்ட்டா பாத்துப் பாத்து..."

"அவரு காசு போட்ட வண்டிங்க அது."

"தெரியுது."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? யாரோ ஒருவருக்கு விற்றாலும் பரவாயில்லை, கண்ணெதிரே இன்னொருவர் கைக்கு அடங்கிப்போவதை மட்டும் இவரால் பார்க்க முடியாது. அந்த வாரம் முழுக்க வீட்டில் முகம் கொடுத்தே பேசவில்லை. காரை விற்கிற பேச்சுக் காதில் விழுந்தால் எழுந்து வெளியே போனார். ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் போய் மூடினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பின்னால் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய சீட். இவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வித்தா வாங்கறவன் வெளிப்பூச்சு அடிச்சுக் கண்ணாடிக் கூண்டுல வைக்கப் போறானாம். ஓடவே ஓடாது" என்றார். "மாத்திடு."

முதலாளியின் அளவுக்கு எங்கே போவது என்று கேட்டேன். அதையும் செய்துகொண்டு வந்திருந்தார். ஆபீஸில் முதலாளி உட்காரும் நாற்காலியின் மெத்தையில் செய்தித்தாளை விரித்து அழுத்தி, பள்ளம் விழுந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வரைந்து எடுத்திருந்தார். ஆபீஸைக் கூட்டுகிற அம்மா பார்த்துவிட்டு மந்திரம் வைக்கிறாரோ என்று பயந்துபோனாராம். சொல்லும்போதே இவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அப்போதுதான் சிரித்தார்.

தையலைப் பிரித்தேன். தோலை உரித்ததும் உள்ளே ஃபோம் தெரிந்தது. நான் வெட்டிக் கொடுத்த பள்ளம் வருஷக்கணக்கில் அழுந்தி, இவருடைய முதுகு அப்படியே அதில் பதிந்திருந்தது. தாழ்ந்த வலது தோள், இடுப்பு எலும்பு, எல்லாம். நாங்கள் படுக்கும் மெத்தையில்கூட இவருக்கு இப்படி ஒரு பள்ளம் கிடையாது. கோபம் தலைக்கேறியது. கத்திரியை எடுத்து இரண்டாக வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருந்தது. வெட்டவில்லை. அதைத் தனியாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, புது ஃபோமில் குள்ளமாகவும் அகலமாகவும் வெட்ட ஆரம்பித்தேன். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சக்களத்தி தயவில் இவர் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை கொட்டகையில் மிச்சத்தை முடித்தார். சீட்டை முன்னால் நகர்த்தத் தரையில் புது ஓட்டை போட்டார். கிளட்சைத் தளர்த்தினார். நின்றால் அணையாதபடி எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். ஒவ்வொரு திருகாகத் திருப்பி, தன் உடம்பு அளவை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு காலையில் ஏரிச்சாலையில் எல்லோரும் கூடினோம். ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் பாறை, நடுவில் வளைந்து வளைந்து போகும் ரோடு. ஆள் நடமாட்டம் இல்லை. தங்கை தலைக்குக் குளித்து, நல்ல உடுப்பில் வந்திருந்தாள். இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில். பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். புதியவள் அகலமாக, நீளமாக, வெள்ளை வெளேரென்று இருந்தாள். பழையவள் பச்சை, அவள் இடுப்புக்குத்தான் வருவாள். விளக்கு இரண்டும் உருண்டையாக, முழித்துக்கொண்டு.

முதலாளி முதலில் புதியவளில் ஏறினார். சின்ன மாப்பிள்ளை பட்டனை அழுத்தினார். சீட் தானாக முன்னால் வந்தது, கண்ணாடி குனிந்தது. அடுத்த நொடி கார் இல்லை. சத்தம் மட்டும் ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. சுற்றி வந்து நிறுத்திவிட்டு இறங்கினார். லிப்டிலிருந்து வெளியே வருகிறவர் மாதிரி இறங்கினார்.

"அபாரம்" என்றார். "போனதே தெரியல." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

பழையவளின் கதவை இவர் திறந்துவிட்டார். முதலாளி இடுப்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகம் மாறியது. முதுகை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். காலை நீட்டி மிதித்துப் பார்த்தார். இவர் குனிந்து, உள்ளே கையைவிட்டு, "இங்க ஒரு டேப் இருக்கு முதலாளி. கிளம்பறதுக்கு முன்னாடி இப்படித் திருப்பணும்" என்று காட்டினார். எனக்குக்கூடக் காட்டாத டேப். கிலோமீட்டர் காட்டும் முள்ளுக்குக் கீழே, கை மறைவில் இருந்திருக்கிறது.

கார் நிதானமாகத்தான் கிளம்பியது. முதல் வளைவில் மறைந்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். கியர் மாறும்போதெல்லாம் இவர் தாடை இறுகியது, வலது கால் செருப்புக்குள் அழுந்தியது. வெகுநேரம் வரவில்லை. "நின்னு போச்சோ?" என்றாள் தங்கை. "இல்ல, ரெண்டாவது சுத்து போறாரு" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

திரும்பி வந்தபோது முதலாளியின் தலைமுடி பறந்து காதுமேல் நின்றது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. வயசான மனுஷன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒரு வளைவுல பின்பக்கம் அப்படியே போயிடுச்சுப்பா. நானே பிடிச்சு நிறுத்துனேன். நானே!" என்றார். "அதுல கார் என்னை ஓட்டிட்டுப் போச்சு. இதை நான் ஓட்டுனேன்."

பிறகு சிரிப்பு நின்றது. இவரைப் பார்த்து, "ஏம்ப்பா, இத்தனை வருஷமா இது ஏன் இப்படி ஓடல?" என்று கேட்டார்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. திறந்திருந்த கதவு வழியாகச் சின்ன மாப்பிள்ளை உள்ளே தரையைப் பார்த்தார். புதிதாகப் போட்ட ஓட்டைகள், பழைய ஓட்டைகள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அவர் என்ன மடையனா?

"கார்ப்பரேட்டர் சார்" என்றார் சின்ன மாப்பிள்ளை. "மூணும் ஒண்ணா செட்டாக நாளாகும். அண்ணன் இப்பத்தான் பிடிச்சிருக்காரு." இவரிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு அண்ணே. என் வண்டிக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றார்.

நல்ல மனுஷன். அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்கு வயிறுதான் எரிந்தது. தங்கைக்கு எல்லாமே நல்லதாகத்தான் வாய்க்கிறது.

"வெள்ளையைக் குடுத்துடலாம்" என்றார் முதலாளி. தங்கையின் முகம் சுருங்கியதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். வாழ்நாளுக்குப் போதும். அதை அனுபவித்து முடிப்பதற்குள் முதலாளி கையை நீட்டினார். "இன்னொரு சாவியும் உங்கிட்டதான இருக்கு? குடுப்பா. இனிமே ஞாயித்துக்கிழமை நானே எடுத்துக்கறேன்."

இவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். துடைத்துவிட்டுக் கொடுத்தார். அந்தச் சாவி ஒருநாளும் அழுக்காக இருந்ததில்லை.

"சீட்டு தச்சது நீங்கதான? ஏறுங்கம்மா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார் முதலாளி என்னிடம்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் காலியான சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். ஏறி உட்கார்ந்தேன். நான் தைத்த தோல் வெயிலில் சூடாக இருந்தது. கார் கிளம்பியது. காற்று முகத்தில் அறைந்தது, எஞ்சின் சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறியது. பெட்ரோல் வாசனை, தோல் வாசனை. இத்தனை வருஷமும் இவர் சட்டையில் நான் துவைத்துத் துவைத்துப் போகாத வாசனை அது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இப்படி ஒரு சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது சிரிப்போடு ஆத்திரமும் வந்தது. சின்னக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ரோட்டு நடுவில் இவர் நின்றுகொண்டிருந்தார். கை பாதி தூக்கியபடி இருந்தது. இவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான எரிச்சல். என்னைப் பார்த்து எரிந்தாரா, அவளைப் பார்த்து எரிந்தாரா என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கொஞ்ச தூரம் என்னைப் பார்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு இவர் முன்னறையிலேயே சுற்றிச் சுற்றி நடந்தார். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாத மனுஷன். கடைசியில் கேட்டார்.

"அவர் ஓட்டறப்போ எப்படி இருந்துச்சு?"

"நீங்க ஓட்டற மாதிரி வரல" என்றேன்.

முகம் மலர்ந்தது. நிமிர்ந்து நின்றார். பிறகு நெற்றி சுருங்கியது. "நீதான் என்கூட ஒரு தடவைகூட ஏறுனதில்லயே."

"ஆமா" என்றேன். "ஏறுனதில்ல."

இவருக்குச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய ஃபோம் கண்ணில் பட்டது போலிருக்கிறது. அதை எடுத்து என் மிஷினுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்து மெல்ல உட்கார்ந்தார். முதுகு அதற்குரிய பள்ளத்தில் போய் இம்மி பிசகாமல் பொருந்தியது. என் பக்கத்தில்தான் இருந்தார். நானும் தைக்க வேண்டிய துணியை எடுத்து வைத்தேன். கொஞ்சநேரத்தில் இவர் கண் மூடியது. வலது பாதம் தரையை மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்த ஆரம்பித்தது.

"தள்ளி உக்காருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, நான் என் மிஷினை மிதித்தேன்.